என்னை ஏலம் விட்ட ஏழாம் வகுப்பு

குழந்தைகளுக்குப் பேச்சுச் சுதந்திரம் வேண்டும் என்று மேடையில் முழங்குகிறவர்கள் மேல் எனக்குப் பெரிய மரியாதை உண்டு. அவர்களில் பெரும்பாலோர் ஒரு வகுப்பறைக்குள் முழுதாக முக்கால் மணி நேரம் நின்றதில்லை என்பதால் அந்த மரியாதை இன்னும் கூடுகிறது. நான் நின்றிருக்கிறேன். நின்றதோடு முடிந்திருந்தால் பரவாயில்லை, உட்கார்ந்தும் எழுந்திருக்கிறேன். அதுவும் காதைப் பிடித்துக்கொண்டு.

எனக்குச் சொந்த ஊர் சாத்தான்குளம். அப்பா பள்ளிக்கூட வாத்தியார். அவர் வகுப்பில் பேசும் உரிமை இரண்டே பேருக்குத்தான் இருந்தது: அவருக்கும் அவர் கையிலிருந்த பிரம்புக்கும். பிள்ளையாகவும் மாணவனாகவும் இரட்டைப் பங்கு வாங்கியவன் நான். அதனால் பி.எட். படிக்கும்போது ‘குழந்தைகளின் கருத்துரிமை’ என்று ஒரு பாடம் வந்ததும் இரண்டாம் முறை ஞானஸ்நானம் எடுத்த மாதிரி ஆகிவிட்டேன். பரீட்சையில் அதைப் பற்றிப் பக்கம் பக்கமாக எழுதினேன். நாட்டின் வகுப்பறைகள் எல்லாம் என்னை எதிர்பார்த்துத்தான் காத்திருக்கின்றன என்று மனதார நம்பினேன்.

காத்திருந்தது தூத்துக்குடிக்குத் தெற்கே கடலோரத்தில் ஒரு பள்ளி. தலைமையாசிரியை ஸ்டெல்லா டீச்சர். அவர் சிரித்து அந்த ஊரில் யாரும் பார்த்ததில்லை. ஆண்டுவிழா போட்டோவில்கூட, எடுப்பவரை முட்டி போடச் சொல்லப்போகிறவர் மாதிரிதான் நிற்பார். முதல் நாளே அவரிடம் என் கொள்கையை விளக்கினேன்.

“பிரம்பு வேண்டாங்கிய. சரி, கவர்மெண்டும் அதத்தான் சொல்லுது” என்றார். “அப்ப பிள்ளைகள எப்படி சார் அடக்குவிய?”

“அடக்கவே கூடாது டீச்சர். பேச விடணும்.”

“பேச விடுங்க. ஆனா சத்தம் என் ரூமுக்கு வரக் கூடாது.”

அப்படி எனக்கு ஏழாம் வகுப்பு கிடைத்தது. வெள்ளிக்கிழமை கடைசிப் பீரியடுக்கு ‘சுதந்திர மன்றம்’ என்று பெயர் வைத்தேன். அந்த நேரத்தில் யாரும் யாரைப் பற்றியும் எழுந்து புகார் சொல்லலாம், என்னைப் பற்றியும் சொல்லலாம், தண்டனையைப் பிள்ளைகளே முடிவு செய்வார்கள். மற்ற நேரங்களில், பாடம் நடக்கும்போது யாரும் வாயைத் திறக்கக் கூடாது. (சுதந்திரத்துக்கும் ஒரு டைம்டேபிள் வேண்டாமா?) இந்தக் கடைசி விதியில் எங்கேயோ இடிக்கிறதே என்று அன்றைக்கு எனக்குத் தோன்றவில்லை.

“எல்லாரும் அவங்கவங்க கருத்தச் சொல்லணும். எல்லாரும் பார்க்க, ஒளிவுமறைவு இல்லாம ஒரு முடிவுக்கு வரணும். புரியுதா?” என்று கேட்டேன்.

முதல் பெஞ்சில் ஜன்னலோரம் இருந்த ஜெனிஃபா எழுந்தாள். ஒல்லியான பெண், குரல் மட்டும் பெரிய ஆளுடையது. அவளுடைய அப்பா கடற்கரையில் மீன் ஏலம் விடுகிறவர்.

“அப்ப ஏலம் மாதிரியா சார்?”

எங்கள் ஊருக்குக் கடல் கருவாடாகத்தான் வந்து சேரும். மீன் ஏலத்தை நான் கண்ணால் பார்த்ததில்லை. பிள்ளையின் ஆர்வத்தைக் கிள்ளக் கூடாது என்று பி.எட்.டில் சொல்லியிருந்தார்கள். “ஏறத்தாழ அப்படித்தான்” என்றேன். என் அழிவு அந்த ‘ஏறத்தாழ’வில் தொடங்கியது.

முதல் வழக்கு ரீகன் மேல். பக்கத்துப் பையனின் செருப்பைக் கூரை மேல் எறிந்துவிட்டான். மன்னிப்புக் கேட்கச் சொல்வார்கள், செடிக்குத் தண்ணீர் ஊற்றச் சொல்வார்கள் என்று நான் எதிர்பார்த்தேன். ஜெனிஃபா அவனை வகுப்பின் நடுவில் நிறுத்தினாள். படகிலிருந்து இறக்கி மணலில் குவித்த மீனைச் சுற்றி வியாபாரிகள் நிற்கிற மாதிரி, பிள்ளைகள் அவனைச் சுற்றி வளைத்து நின்றார்கள்.

“ஏலே, தள்ளி நில்லுங்கல. தோப்புக்கரணம் அஞ்சுல ஆரம்பம். கேக்கவிய கேளுங்க.”

“பத்து.”

“பன்னெண்டு.”

“போன வாரம் எம்பேனாவ எடுத்ததும் இவன்தான். இருவது.”

நாற்பதில் வந்து நின்றது. ஒரு தரம், இரண்டு தரம், மூன்று தரம் சொல்லி முடித்தாள். அதிகம் கேட்டவன்தான் சரக்கை எடுத்தவன், அதனால் அவன்தான் எதிரே நின்று எண்ண வேண்டும் என்பது கடற்கரைச் சட்டம். ரீகன் நாற்பதும் போட்டான். நான் கைதட்டினேன். மக்களாட்சியை இவ்வளவு பக்கத்தில் அதற்குமுன் பார்த்ததில்லை.

அடுத்தடுத்த வாரங்களில் என் வகுப்பு ஊருக்கே உதாரணமாகிவிட்டது. ஊசி விழுந்தால் கேட்கும். பிரம்பாக இருந்தால் இரண்டு அடியோடு போயிருக்கும் குற்றத்துக்கு முப்பது, முப்பத்தைந்து என்று போய்க்கொண்டிருந்தது. சனிக்கிழமைகளில் பையன்கள் கிழவர்கள் மாதிரி நடந்தார்கள். நான் அதற்கு ‘சுயஒழுக்கம்’ என்று பெயர் சூட்டினேன். ஸ்டெல்லா டீச்சரே ஒருநாள் வாசலில் நின்று பார்த்துவிட்டு, “பரவால்ல சார்” என்றார். (அவர் வாயிலிருந்து அது வந்தால் பாரத ரத்னா என்று எடுத்துக்கொள்ள வேண்டும்.)

இதற்கிடையில் எனக்குப் பெண் பார்த்திருந்தார்கள். நாசரேத்தில் பலசரக்குக் கடை வைத்திருந்த தேவசகாயம் அண்ணாச்சியின் மகள் பியூலா. எனக்குப் பெண்ணைப் பிடித்துவிட்டது. பிடித்துவிட்டது என்றால் சாதாரணமாக இல்லை. கரும்பலகையில் வட்டம் போட்டால்கூட அவள் முகம்தான் தெரிந்தது. ஆனால் அண்ணாச்சி இன்னும் சரி என்று சொல்லவில்லை. நிச்சயதார்த்தத்துக்கு முன்னால் பெண்ணும் மாப்பிள்ளையும் போனில் பேசக் கூடாது என்பது அந்த வீட்டுச் சட்டம். நாங்கள் தினமும் பேசினோம். நம்பர் எப்படிக் கிடைத்தது என்று சொல்ல மாட்டேன். பியூலாவின் அண்ணிக்கு அந்த வீட்டில் இன்னும் மரியாதை இருக்கிறது.

அண்ணாச்சியோ, எதையும் தட்டிப் பார்க்காமல் வாங்காத வியாபாரி. ஒரு வெள்ளிக்கிழமை, தூத்துக்குடியில் சரக்கு எடுத்துவிட்டுத் திரும்புகிற வழியில், மாப்பிள்ளை வேலை பார்க்கிற லட்சணத்தை நேரில் பார்த்துவிடலாம் என்று பள்ளிக்கே வந்துவிட்டார். ஸ்டெல்லா டீச்சர் அவரைப் பெருமையோடு என் வகுப்புக்குக் கூட்டிவந்தார். அப்போது கடைசிப் பீரியட் தொடங்கியிருந்தது.

“ஒழுங்குன்னா என்னன்னு இந்தக் கிளாஸ்ல பாருங்க அண்ணாச்சி” என்று கடைசிப் பெஞ்சில் அவரை உட்காரவைத்துத் தானும் பக்கத்தில் உட்கார்ந்தார்.

புத்தியுள்ளவன் என்றால் அன்றைக்கு வாய்ப்பாடு ஒப்பிக்கச் சொல்லியிருப்பான். எனக்கோ மாமனார் ஆகப்போகிறவர் முன்னால் என் பெருந்தன்மையைக் கடைவிரிக்க ஆசை வந்துவிட்டது.

“இங்கே குழந்தைகள் பயமில்லாமல் பேசலாம். ஆசிரியரும் விதிக்குக் கட்டுப்பட்டவர்தான்” என்று அவருக்குக் கேட்கும்படி சொன்னேன். வகுப்பைப் பார்த்து, “யாருக்காவது என் மேல ஏதாவது புகார் உண்டா?” என்று சிரித்துக்கொண்டே கேட்டேன். அதுவரை எந்த வாரமும் யாரும் சொன்னதில்லை.

ஜெனிஃபா எழுந்தாள்.

“இருக்கு சார். நேத்து கணக்குப் பீரியட்ல எங்களுக்கு வகுத்தல் குடுத்துட்டு, இங்கன ஜன்னல் பக்கம் வந்து நின்னு போன் பேசுனிய.”

“ஒரு அவசரம்மா அது.”

“அவசரம் இல்ல சார். ரொம்ப நேரம் பேசுனிய. சிரிச்சு சிரிச்சுப் பேசுனிய.”

அந்த இடத்தில் நான் சரி என்று தலையாட்டி முடித்திருக்கலாம். “நான் பேசியது பாடம் சம்பந்தமா இருக்கலாம் இல்லையா? ஆதாரம் வேணும்” என்றேன். (ஆதாரம் கேட்கக் கற்றுக்கொடுத்ததும் நான்தான்.)

ஜெனிஃபா கையைக் கட்டிக்கொண்டு, வேதபாடம் ஒப்பிப்பது மாதிரி ஒரே மூச்சில் சொன்னாள். “‘பியூலா, உங்கப்பாவப் பாத்தாலே எனக்கு எங்க ஹெச்.எம். ஞாபகம்தான் வருது. ரெண்டு பேரும் சிரிப்ப லாக்கர்ல வச்சுப் பூட்டிட்டு சாவியத் தொலைச்சிட்டாவ போல.’ இதான் சார் சொன்னிய.”

ஊசி விழுந்தால் கேட்கும் என்று சொன்னேன் அல்லவா? அப்போது கேட்டிருக்கும். கடைசிப் பெஞ்சில் இரண்டு முகங்கள், அடுத்தடுத்து, ஒரே மாதிரி. நான் சொன்னது எவ்வளவு பொருத்தம் என்பதற்கு அதைவிட ஆதாரம் தேவையில்லை. என் கல்யாணம் கண்ணெதிரே கடலில் இறங்கிப் போவதைப் பார்த்தேன். பியூலா இல்லாமல் என்ன செய்வேன் என்றுதான் நினைத்தேன், வேலையைப் பற்றிய நினைப்பு கொஞ்சம் பிந்தித்தான் வந்தது.

“பெரியவங்களைப் பற்றி அப்படிப் பேசியது தவறுதான்” என்று முனகினேன்.

“அது இல்ல சார் குத்தம்” என்றாள் ஜெனிஃபா பொறுமையாக. “அவியளப் பத்தி நீங்க என்ன நெனச்சாலும் சொல்லலாம். அது பேச்சுச் சுதந்திரம். பாடம் நடக்கும்போது பேசுனிய பாத்தியளா, அதான் குத்தம்.”

நான் பரீட்சையில் பக்கம் பக்கமாக எழுதியும் பிடிபடாத வித்தியாசத்தை அவள் நாலே வரியில் சொல்லிவிட்டாள். பாராட்டுகிற நிலையில் நான் இல்லை. அதற்குள் பிள்ளைகள் என்னைச் சுற்றி வளைத்துவிட்டார்கள்.

“அஞ்சுல ஆரம்பம். கேக்கவிய கேளுங்க.”

“இருவது” என்றான் ரீகன். அவன் முகத்தில் அப்படி ஒரு வெளிச்சத்தை நான் அதுவரை பார்த்ததில்லை. முப்பது, முப்பத்தைந்து என்று ஏறி நாற்பத்தைந்தில் நின்றது. ஜெனிஃபா ஒரு தரம் என்றாள். கடைசிப் பெஞ்சிலிருந்து ஒரு குரல் வந்தது.

“அம்பது.”

ஸ்டெல்லா டீச்சர். முகத்தில் எந்த மாற்றமும் இல்லை.

“அறுவது” என்றார் அண்ணாச்சி. ஏலம் என்றால் சும்மா இருக்க முடியாத பரம்பரை.

“அறுவத்தஞ்சு.”

“எழுவத்தஞ்சு.”

டீச்சர் என்னை மேலும் கீழும் பார்த்தார். இதற்கு மேல் சரக்கு தாங்காது என்று தோன்றியிருக்க வேண்டும், விட்டுவிட்டார். ஜெனிஃபா மூன்று தரம் சொல்லி முடித்து, “எடுத்தவியதான் வந்து எண்ணணும் தாத்தா” என்றாள்.

அண்ணாச்சி வேட்டியை மடித்துக் கட்டிக்கொண்டு எழுந்துவந்து என் எதிரே நின்றார். நான் காதைப் பிடித்து முதல் முறை உட்கார்ந்து எழுந்தேன்.

“லாபம்” என்றார்.

பழைய கடைக்காரர்கள் எதை எண்ணினாலும் ஒன்று என்று தொடங்க மாட்டார்கள். படி அரிசி அளந்தாலும், தேங்காய் எண்ணினாலும் முதல் எண் லாபம்தான். வருங்கால மருமகனின் தோப்புக்கரணத்துக்கும் அதே கணக்கு. லாபம், இரண்டு, மூன்று என்று நிதானமாக எண்ணினார். ஒன்றைக்கூடத் தள்ளுபடி செய்யவில்லை.

முப்பதைத் தாண்டியபோது தொடை நடுங்க ஆரம்பித்தது. நாற்பதாவதில் ரீகனைப் பார்த்தேன். இதே நாற்பதை அவன் போட்டபோது நின்று கைதட்டினோமே என்று வெட்கமாக இருந்தது. அப்பா பிரம்பால் அடித்தார், நான் அதே அடியை முப்பது பிள்ளைகள் கையில் கொடுத்துவிட்டு அதற்கு அழகான பெயரும் வைத்திருந்தேன். இந்த ஞானம் உட்காரும்போதுதான் வந்தது, எழும்போது கால் வலி மட்டும்தான் இருந்தது.

முடிந்ததும் டெஸ்கைப் பிடித்துக்கொண்டு நின்றேன். அண்ணாச்சி மடித்துக் கட்டிய வேட்டியை இறக்கிவிட்டுக்கொண்டு போய்விட்டார். ஸ்டெல்லா டீச்சர் வாசலில் திரும்பி, “சத்தம் என் ரூமுக்கு வரல சார்” என்று சொல்லிவிட்டுப் போனார். அது பாராட்டா பரிகாசமா என்று இன்றுவரை எனக்குத் தெரியவில்லை.

திங்கட்கிழமை நொண்டிக்கொண்டே வந்து, இனிமேல் ஐந்துக்கு மேல் ஏலம் கிடையாது என்று ஒரு தீர்மானம் கொண்டுவந்தேன். எல்லாரும் கை தூக்கினார்கள். ஜெனிஃபாவும் தூக்கினாள். தூக்கிய கையை இறக்காமலே, “ஒங்களுக்கு வலிச்ச பொறவுதான சார் இந்தச் சட்டம்?” என்று கேட்டாள். அதுவும் பேச்சுச் சுதந்திரம்தான்.

அன்று மாலை எங்கள் வீட்டுக்கு அண்ணாச்சியிடமிருந்து போன் வந்தது. கல்யாணத்துக்குச் சம்மதம் என்றார். நடந்ததையெல்லாம் நான் ஏற்கெனவே சொல்லியிருந்ததால் அப்பாவுக்கு நம்ப முடியவில்லை.

“பையன் உங்களப் பத்தி அப்படிப் பேசியிருக்கான். அதுக்கப்புறமுமா?” என்று கேட்டேவிட்டார்.

“பேசினான்தான். என்ன செய்ய? கடைசியா கேட்டது நான்தான? மூணு தரம் சொல்லியாச்சு. ஏலத்துல எடுத்த சரக்க இனி எங்க கொண்டுபோய்த் திருப்பிக் குடுக்க?”

நாசரேத் வட்டாரத்தில் இன்றும் என்னை யாருக்காவது அறிமுகப்படுத்தும்போது, “இவரு நாங்க ஏலத்துல எடுத்த மாப்ள” என்றுதான் சொல்கிறார்கள். வீட்டில் நான் குரலை உயர்த்தினால் என் மகள் “ஒரு தரம்” என்கிறாள், அடுப்படியிலிருந்து பியூலா “ரெண்டு தரம்” என்கிறாள். மூன்றாவது தரத்துக்கு நான் யாருக்கும் வாய்ப்புக் கொடுப்பதில்லை. குழந்தைகளின் பேச்சுச் சுதந்திரத்துக்காகப் பாடுபட்டவனுக்குச் சொந்த வீட்டில் கிடைத்த மரியாதை இது.

அந்த எழுபத்தைந்தில் என் வலது முட்டிக்கு என்ன ஆனதோ, மடக்கினால் இன்றும் சுள்ளி ஒடிகிற மாதிரி ஒரு சத்தம் வருகிறது. ஞாயிற்றுக்கிழமை சர்ச்சில் எல்லாரும் முழங்கால்படியிடும் நேரம். ஒரு சத்தமும் இருக்காது. நான் மெல்ல மெல்ல முட்டியை மடக்குவேன். அப்படியும் அது ‘டக்’ என்று காட்டிக்கொடுத்துவிடும்.

இரண்டு பெஞ்சுக்கு முன்னால், கண்ணை மூடி ஜெபத்தில் இருக்கும் என் மாமனார் திரும்பிப் பார்க்காமலே மெதுவாகச் சொல்வார்.

“லாபம்.”