இடிமுழக்கத்துக்கு ஒரு கேள்வி

"எங்க வீட்டுக் குழாய் சொட்டுது. என்ன செய்யலாம்?"

எழுதி அழித்து, மறுபடி எழுதி, கண்ணை மூடிக்கொண்டு அனுப்பினாள். இடிமுழக்கத்துக்கு அவள் தனியாக அனுப்பும் முதல் செய்தி.

தெருக்காரர்களின் இணையக் குழுவில் எல்லோருக்கும் புனைபெயர்தான். கல்லூரி ஆய்வகத்தில் உதவியாளரான அவள், சோதனைக்குழாய். எதிர்க் கட்டடத்தில் இருக்கும் யாரோ ஒருவன், இடிமுழக்கம்.

போன வாரம், எப்போதும் அரசியல் பேசும் அவனைக் குழுவில் யாரோ கிண்டலடித்தார்கள். "ஒரு வாஷர் மாத்தத் தெரியாதவன் எல்லாம் ஆட்சிய மாத்தப் போறானாம்!"

இடிமுழக்கம் பாய்ந்தான். "எனக்கு ரெண்டும் தெரியும். தெருவுக்குத் தண்ணி ஒழுங்கா வரல. நாளைக்கே நகராட்சி வாசல்ல நின்னு கேக்கறேன்."

மறுநாள் அவள் சுற்றுவழியில் வேலைக்குப் போனாள். நகராட்சி வாசலில் காவலாளி மட்டும் நின்றார். ஆனாலும் அன்று மாலை அவன் எழுதியதற்கு இதயம் போட்டாள். பயந்துபோய் அதை எடுத்துவிட்டுக் கட்டைவிரல் போட்டாள். பிறகு ஜன்னலருகே நின்று, எதிர்க் கட்டடத்தில் எந்த விளக்கு அவனுடையது என்று பார்த்துக்கொண்டிருந்தாள்.

பதில் வந்துவிட்டது. "ரப்பர் பேண்ட் சுத்துங்க."

சுற்றினாள். சொட்டு, ஒழுக்கானது.

"ஸ்பானர் போட்டு நல்லா இறுக்குங்க. தைரியமா!"

இறுக்கினாள். ஒழுக்கு, ஓட்டமானது. கைப்பிடி கையோடு வந்தது.

"மேல் மூடியக் கழட்டிப் பாருங்க."

வாளியை நகர்த்தி வைத்துவிட்டு, அடுப்படித் துணிகளையெல்லாம் ஓரம் கட்டிவிட்டு, கழற்றினாள். தண்ணீர் கூரையைத் தொட்டது.

"என்னடி சத்தம்?" முன்னறையிலிருந்து அம்மா கேட்டாள்.

"மழைம்மா."

"சமையக்கட்டுக்குள்ளயா?"

அவள் ஈரவிரலால் எழுதினாள். "தண்ணி மேல அடிக்குது."

"எவ்வளவு உயரம்?"

"என்னை விட உயரம்."

முகத்தில் வழிந்த தண்ணீரைத் துடைக்காமல் திரையையே பார்த்தாள். பல நாளாக எழுதி எழுதி அழித்த வரியை இந்த முறை அழிக்கவில்லை. "நேர்ல வர முடியுமா? உங்களுக்கு எதிர்க் கட்டடம், ரெண்டாவது மாடி."

பத்தாவது நிமிடம் கதவு தட்டப்பட்டது. ஒல்லியாக, கண்ணாடி போட்ட ஒருவன் மூச்சிரைக்க நின்றான். கையில் இருந்த ஸ்பானரில் விலைச்சீட்டு இன்னும் ஆடிக்கொண்டிருந்தது.

"நீங்க... சோதனைக்குழாயா?"

தலையாட்டினாள்.

அவன் சமையலறைக்குள் எட்டிப் பார்த்தான். நிமிடத்தில் தொப்பலாக நனைந்தான். "உண்மையச் சொல்லிடறேங்க. நான் ஒரு குழாயத் தொட்டதே இல்ல. எல்லாம் வீடியோ பாத்து எழுதறது."

"நகராட்சி வாசல்?"

"பாதி வழி போனேன். திரும்பிட்டேன்." தலை குனிந்தான். "எனக்கு அவ்வளவுதாங்க தைரியம். உங்களக் கஷ்டப்படுத்திட்டேன். போய் யாராவது பிளம்பரக் கூட்டிட்டு வரேன்."

அவன் வாசலை நோக்கித் திரும்பினான். போகாதீங்க என்று சொல்ல வாயெடுத்தாள்.

அதற்குள் அம்மா துண்டோடு வந்து வழியை மறித்தாள்.

"பிளம்பர் எதுக்கு தம்பி? உக்காந்து தலையத் துவட்டுங்க. இந்தக் கட்டடத்துல எந்தக் குழாய் கெட்டாலும் சரி பண்றதே இவதான்."