இடம் பிடித்த தொப்பி

2005, கோடை, ஜெர்மனியின் எசன் நகரம். யாழ்ப்பாணத்தில் எங்கள் ஊர் அங்கிலிக்கன் தேவாலயம் ஆங்கிலேயர் காலத்தில் முருகைக்கல்லாலும் சுண்ணாம்பாலும் கட்டப்பட்டது, போரில் அழிந்தது. அத்திவாரக் கற்களும் காவலரண் கட்டப் போயின. அவ்விடத்தில் கொங்கிரீட் மண்டபம் எழுப்ப ஊரார் தீர்மானித்தனர். பழைய வடிவமே வேண்டுமெனில் மாரிக்கு முன் வரைபடம் அனுப்புமாறு புலம்பெயர்ந்த எங்களுக்கு எழுதினர். வரைபடம் எவரிடமும் இல்லை. அவ்வாண்டு பங்குனியில் என் மனைவி காலமானாள்.

எசன் தமிழருள் ஓவசியரின் உச்சந்தலையைக் கண்டவர் எவரும் இலர். ஊரில் வீதி வேலைகளை மேற்பார்வை செய்தவர். பெயர் அதனால் வந்தது. கம்பளித் தொப்பியைக் கோடையிலும் கழற்றார், ஆராதனையிலும் கழற்றார். "கர்த்தருக்கு என்ர மொட்டை தெரியும். சனத்துக்கு ஏன்?" என்பார்.

தேவாலயத்தின் மீது அவர் கொண்ட அன்பு வசையாகவே வெளிப்படும்.

"வெள்ளைக்காரன் பனி வழுக்கி விழவெண்டு கூரையைச் செங்குத்தாப் போட்டான். விழுந்ததெல்லாம் பனங்காய். இஞ்ச பனி கொட்டுது. இவங்கட கோயில் கூரை தட்டை!"

ஆயினும் கொங்கிரீட் என்றதும் கொதித்தார். "கோயிலோ கட்டுறாங்கள், கூட்டுறவுச் சங்கக்கடையோ?"

அவர் கையாண்ட முறை எந்தப் பொறியியல் நூலிலும் இல்லாதது. ஒரு ஞாயிறு, ஆராதனைக்கு நாங்கள் இரவல் பெறும் ஜெர்மன் தேவாலயத்தின் வாகனத் தரிப்பிடத்தில் கதிரைகளைப் பரப்பினார். ஊர்க் கோயிலில் எந்த நீள் இருக்கையில், எந்த வாங்கில், எவர் அருகே இருந்தோமோ, அவ்வாறே இருக்க வேண்டும். ஆட்களைக் கொண்டு வாங்கின் நீளம். வாங்குகளைக் கொண்டு கோயிலின் அகலம். சுற்றிவரச் சோக்குக்கட்டியால் சுவர்.

"இந்த வாங்கில எட்டுப்பேர் இருந்தனாங்கள், அண்ணை."

"அது ஊர் இடுப்பு. இப்ப அஞ்சு பேருக்கே ஏலாது. ஜெர்மன் பாண் திண்ட கொழுப்புக்கு ரெண்டடி கழிக்கிறன்."

தேவாலயக் கட்டடத்தைப் பராமரிக்கும் ஹவுஸ்மைஸ்டர் ஓடிவந்து, கட்டட அனுமதி உண்டா என்று வினவினார். மழை வந்ததும் இடித்துவிடுவோம் என்று ஓவசியர் ஜெர்மன் மொழியில் பணிவோடு உறுதியளித்தார்.

பிறகு பெண்கள் பக்கம்.

"மாஸ்டர், தங்கச்சி எங்கை இருந்தவ?" என்று என் மனைவியைக் குறித்து என்னைக் கேட்டார்.

"மூண்டாம் வாங்கு. யன்னலோரம்."

அந்த யன்னலின் கூர்வளைவை மட்டும் நான் பிழையின்றி வரைந்து கொடுத்திருந்தேன். ஆண்கள் பக்கத்திலிருந்து பல ஆண்டுகள் அத்திசையையே பார்த்திருந்தவன்.

வெற்றிடத்தைக் கண்ட பெண்கள் நெருங்கி அமர முற்பட்டனர். ஓவசியர் தொப்பியைக் கழற்றி, யாழ்ப்பாணத்து பஸ்ஸில் லேஞ்சிக் கைக்குட்டை போட்டு ஆசனம் பிடிப்பவர்போல், அந்தக் கதிரையில் எறிந்தார்.

"தள்ளாதேங்கோ பிள்ளையள். அதில ஆள் இருக்கு."

மொட்டையைப் பார்த்து ஒருவரும் சிரிக்கவில்லை. அளவு சரியாக வந்தது.

மணிக்கூண்டின் உயரம் மட்டும் குறிக்கப்படாமல் வரைபடம் போய்ச் சேர்ந்தது. ஊரார் கொங்கிரீட்டைக் கைவிட்டனர். அடுத்த ஆண்டு சண்டை மூண்டு, எல்லாக் கட்டட வேலையும் நின்றது. ஓவசியர் மகளோடு ஹம்பேர்க் சென்றார். தொப்பி என்னிடம் தங்கிவிட்டது. தபாலில் அனுப்பவா என்று தொலைபேசியில் கேட்டேன்.

"வேண்டாம் மாஸ்டர். எடுத்தால் இடம் போயிடும்."

இன்னும் செய்யாமல் இருப்பவை:

மணிக்கூண்டின் உயரத்தைத் தீர்மானிப்பது.

தேவாலயத்தைக் கட்டுவது.

ஹம்பேர்க்கில் குளிர் தொடங்குமுன் ஓவசியருக்கு வேறொரு தொப்பி வாங்கி அனுப்புவது.