பதினோரு வயது வண்டியும் பாலோ செக்கோ தோற்றக் குழுவும்

அறுபத்தெட்டு வயதில் ஒருவர் கல்யாணம் செய்துகொள்வதை எந்தச் சட்டமும் தடுக்கவில்லை. அதற்குப் பதினோரு வயது கேரவனில், அதாவது சக்கரம் வைத்த வீட்டில், வருவதைத்தான் ஒரு விதி தடுக்கிறது. இந்த நுணுக்கம் வெண்டல் ஹாகனுக்குத் தெரியாது. வடக்கே பனி கொட்டும் மினசோட்டாவில் முப்பது வருஷம் பள்ளிப் பேருந்து ஓட்டியவர். மனைவி இறந்தபின் ஆறு வருஷமாக டின்னில் வரும் சூப்பைச் சூடாக்கி, தொலைக்காட்சியோடு பேசிக்கொண்டே குடித்தவர். போன கோடையில் ஒரு நடன விருந்தில் மார்லிஸைச் சந்தித்தபின் அந்த சூப் தொண்டைக்குள் இறங்க மறுத்தது.

மார்லிஸ் குளிர்காலம் முழுக்கப் பாலோ செக்கோ என்ற பாலைவன ஊரில், கேரவன்களை நிறுத்திக் குடியிருக்கும் பூங்காவில் இருப்பவள். சனிக்கிழமை மாலை ஐந்து மணிக்குப் பூங்கா மன்றத்தில் கல்யாணம் என்று முடிவாயிற்று. வெண்டல் ஃபீனிக்ஸில் விமானம் இறங்கி, ஒரு கேரவனை வாடகைக்கு எடுத்து, பாலைவனத்தைக் கடந்து மதியம் ஒரு மணிக்கு வாசலில் வந்து நின்றார்.

செயலாளர் டுவேன் ப்ரூயிட் கோல்ஃப் வண்டியில் வந்து குறுக்கே நிறுத்தினார்.

"வண்டிக்கு வயசு?"

"பதினொண்ணு."

டுவேன் தொப்பியைக் கழற்றினார், இழவு வீட்டில் கழற்றுவதுபோல.

"பத்துக்கு மேல போனா உள்ள விடுறதில்ல சார். பூங்காவோட தோற்றம் கெட்டுடும்."

"அதோ அந்த அலுமினிய வண்டி என்னைவிட மூத்ததா இருக்கும்போலயே?"

"அதுக்கு அறுபது. ஆள் இல்ல, அழகுக்கு நிறுத்தினது. பழம்பொருள்! முப்பது ஆயிட்டா நாங்களே ஷாம்பெயின் குடுத்துக் கூப்பிடுவோம். உங்களுது வெறும் பழசு. இன்னும் பத்தொன்பது வருஷம் கழிச்சு வாங்க, நானே கதவத் திறக்கிறேன்."

"யோவ், அஞ்சு மணிக்கு எனக்குக் கல்யாணம்!"

"வாழ்த்துகள் சார்."

"வண்டிய வெளிய விட்டுட்டு நடந்து வரேன்."

"தாராளமா. நடந்து வர்றவங்களுக்கும் படிவம் உண்டு. அதுல வண்டி நம்பர் போடணும். உங்க நம்பரத்தான் இப்போ நிராகரிச்சாச்சே."

கடைசியில் தயவு பண்ணி ஒரு வழி சொன்னார்: நாலு பக்கமும் படம் எடுத்துத் தோற்றக் குழுவுக்கு மேல்முறையீடு. வெண்டல் வெயிலில் வண்டியைச் சுற்றிச் சுற்றிப் படம் எடுத்தார். நாற்பது நிமிஷத்தில் பதில் வந்தது. 'மேற்படி வாகனம் பெருமை எய்தாமலே முதுமை எய்திவிட்டபடியால் நிராகரிக்கப்படுகிறது. இப்படிக்கு, மார்லிஸ் டீடமன், குழுத் தலைவி.'

வெண்டல் போனை எடுத்தார்.

"மார்லிஸ், கையெழுத்துப் போட்டது நீயா?"

"எனக்கு மட்டும் ஆசையா வெண்டல்? தலைவியே வளைஞ்சா நாளைக்கு எவன் விதிய மதிப்பான்?"

"அப்போ நீ வெளிய வா. ரோட்டோரமா நின்னு கட்டிக்குவோம்."

"நிராகரிச்ச வண்டிக்காரனோட சேர்ந்தா என் இடத்தையும் பிடுங்கிடுவாங்க. நான் எழுதின விதிதான்." குரல் உடைந்தது. "இன்னிக்கு விட்டா ஏப்ரல் வரைக்கும் மன்றம் காலி இல்ல. அதுக்குள்ள வெயில் வந்துடும், பாதிரியாரே வடக்க போயிடுவார். ஏதாவது செய்யேன்!"

வெண்டல் செய்தார். எதிர்ச்சாரியில் ரோஸலிண்டா என்பவளின் கடை. நகரத்துப் பணக்காரத் தம்பதிகள் பளபளக்கும் புது வண்டியைக் கொண்டுவந்து, பழசாக்கித் தரச்சொல்லி அங்கே தவம் கிடப்பார்கள்.

"எத்தனை வருஷம் வேணும்?" என்றாள் ரோஸலிண்டா.

"பத்தொன்பது. நாலரை மணிக்குள்ள."

கூரை முதல் நம்பர் பலகை வரை துரு நிறம் பூசினாள், கழுவினால் போய்விடும் ரகம். கதவில் இரண்டு ஒடுக்கு வரைந்தாள், ஜன்னலுக்குப் பூப்போட்ட திரை மாட்டினாள். நாலு நாற்பதுக்கு டுவேன் துருவை மோந்து பார்த்துக் கண்கலங்கி, "அந்தக் காலத்துத் தகடே தனி!" என்றார். கதவு திறந்தது, ஷாம்பெயின் வந்தது. ஐந்து மணிக்குக் கல்யாணம் நடந்தது. மார்லிஸ் அழுதாள், வெண்டலும் அழுதார். அதில் மட்டும் பூச்சு இல்லை.

திங்கட்கிழமை குழு கூடியது. மாப்பிள்ளையின் வண்டிக்கு முன்னால் மற்ற வண்டிகள் அநாகரிகமாக மினுக்குகின்றன என்று பேச்சு எழுந்தது. முப்பது வயதுக்குக் குறைந்த வண்டிகள் வெள்ளிக்கிழமைக்குள் காலி செய்யவேண்டும் என்று ஏகமனதாகத் தீர்மானம் நிறைவேறியது. மார்லிஸின் வண்டிக்கு வயது நாலு. ஆகவே அவள் பதவி போய், தகுதியுள்ள ஒரே மனிதர் தலைவரானார்.

நோட்டீசை நீட்டிய புருஷனை மார்லிஸ் முறைத்தாள்.

"துரு வெறும் பெயின்ட்டுன்னு சொல்லித் தொலைக்க வேண்டியதுதானே?"

"சொல்லத்தான் எழுந்தேன் மார்லிஸ். அதுக்குள்ள கைதட்டிட்டாங்க."

அவள் சாவியை எடுத்துக்கொண்டு ரோஸலிண்டாவின் கடைக்குப் போனாள். அங்கே பூங்காவே வரிசையில் நின்றது. ஒருவரையொருவர் பார்க்காமல் எல்லோரும் வானத்தைப் பார்த்துக்கொண்டிருந்தார்கள். வரிசையில் முதல் ஆளாக டுவேன், கோல்ஃப் வண்டியோடு.