வாயாடிக் கடிகாரம்

ஞாயிற்றுக்கிழமை காலை பத்து மணிக்கு, என் கைக்கடிகாரத்தின் வாயை அடைத்துவிடுவது என்று முடிவு செய்தேன். மனைவி வீட்டில் இல்லை. என்னுடைய வீரமான முடிவுகள் எல்லாமே அவளுடைய டியூட்டி நேரத்தில் எடுக்கப்பட்டவைதான்.

அந்தக் கடிகாரம் என் ஐம்பதாவது பிறந்த நாளுக்கு அவள் கொடுத்த பரிசு. தெருமுனைக் கடிகாரக் கடையில் வாங்கினாள். ஆட்டோமேட்டிக். பேட்டரி கிடையாது. உள்ளே அரை நிலா வடிவத்தில் கனமான ஒரு தகடு இருக்கும். ரோட்டர் என்பார்கள். கை ஆடினால் அது சுற்றும். அது சுற்றினால் சாவி ஏறும். சோம்பேறி கையில் அது ஓடாது. பரிசைப் பிரித்தபோதே நான் யோசித்திருக்க வேண்டும்.

என் கடிகாரத்தில் அந்த அரை நிலா சும்மா சுற்றவில்லை. 'கரகர' என்று பேசிக்கொண்டே சுற்றியது. பூனைக்கு யார் மணி கட்டுவது என்று எலிகள் இன்னும் கூட்டம் போட்டுக்கொண்டிருக்கின்றன. எங்கள் வீட்டில் அந்த மணியை வண்ணக் காகிதத்தில் சுற்றிக் கொடுத்துவிட்டார்கள்.

நான் அச்சகத்தில் மெய்ப்புத் திருத்துபவன். காலை ஒன்பது முதல் மாலை ஐந்து வரை உட்கார்ந்தபடியே பிழை தேடுவேன். என் ரத்தத்தில் டாக்டர் ஒரு பிழை கண்டுபிடித்தார். சர்க்கரை. தினமும் சாயங்காலம் ஒரு மணி நேரம் நடக்க வேண்டும் என்றார். என்னிடம் மட்டும் சொல்லியிருந்தால் விஷயம் எங்கள் இருவரோடு முடிந்திருக்கும். அதே ஆஸ்பத்திரியில் நர்ஸாக இருக்கும் என் மனைவியிடமும் சொல்லிவிட்டார்.

நானும் தினமும் ஆறு மணிக்குப் பூங்காவுக்குப் போனேன். வாசலிலிருந்து பெஞ்சு வரை நடந்தேன். பெஞ்சில் எதிர்வீட்டுக்காரர், ஓய்வு பெற்ற ரயில் டிரைவர், சதுரங்கப் பலகையோடு காத்திருப்பார். பதினொரு மாதமாக ஆடுகிறோம். ஒரு ஆட்டம்கூட நான் ஜெயித்ததில்லை. ஒரே ஒரு முறை அவருடைய ராஜாவை மடக்கிவிட்டால் போதும். அதற்குப் பிறகு எவ்வளவு தூரம் வேண்டுமானாலும் நடக்கத் தயார்.

ஆறே காலுக்கு வார்டிலிருந்து போன் வரும்.

"என்னங்க, நடக்குறீங்களா?"

"நடந்துகிட்டேதான் இருக்கேன்."

"கரகரன்னு கேக்கலையே?"

போன் பிடித்த கையை உதறினேன்.

"இது நடக்குற சத்தம் இல்லைங்க. ஈ ஓட்டுற சத்தம்."

எழுந்து பெஞ்சை நாலு முறை சுற்றி ஓடினேன். திரும்பி வந்து பார்த்தால் என் ராணி பலகைக்கு வெளியே படுத்திருந்தாள்.

"எனக்கும் ரயில்ல ஒரு கார்டு இருந்தாரு சார்," என்றார் ரயில் டிரைவர். "ஆனா அவரைக் கடைசிப் பெட்டியிலதான் வச்சிருந்தாங்க. என் கையில கட்டி விடலை."

கடிகாரக் கடைக்காரரிடமும் போய்ப் பார்த்தேன். காதருகே வைத்து ஆட்டிப் பார்த்தார்.

"ஆட்டோமேட்டிக்னா கொஞ்சம் பேசத்தான் சார் செய்யும்."

"வாயை மூட வழியே இல்லையா?"

"நர்ஸ் அக்கா ஆசையா வாங்குனது. அப்படியே விட்டுடுங்க சார்."

ஆகவேதான் ஞாயிற்றுக்கிழமைத் தீர்மானம். பழம் நறுக்கும் கத்தியின் நுனியால் பின்மூடியை நெம்பினேன். மெய்ப்புப் பார்க்கும் பூதக்கண்ணாடி ஒரு கையில்; மூக்குக்கண்ணாடிக்கு வாங்கிய குட்டித் திருப்புளி மறு கையில். அரை நிலாவின் நடுவே ஒரு திருகாணி. லேசாக ஆடியது. அதை இறுக்கியிருந்தால் கதை அங்கேயே முடிந்திருக்கும். ஆனால் முப்பது வருஷமாக நான் இறுக்குகிற வேலை பார்க்கவில்லை. நீக்குகிற வேலை பார்க்கிறேன். ஒரு சொல் உறுத்தினால் அடித்துவிடுவேன். இதையும் அடித்தேன். திருகாணியோடு அரை நிலாவையே கழற்றி, பழைய மூக்குக்கண்ணாடிக் கூட்டில் போட்டு மூடினேன்.

அப்புறம் கடிகாரம் எப்படி ஓடும் என்று கேட்பீர்கள். பக்கத்தில் இருக்கும் குமிழைத் திருகினாலும் சாவி ஏறும். முழுக்கத் திருகினால் ஒன்றரை நாள் தாங்கும். தினமும் காலையில் குளியலறைக் கதவைத் தாழிட்டுக்கொண்டு திருகினேன். ஆறே காலுக்கு வழக்கம்போல வார்டிலிருந்து போன் வந்தது.

"என்னங்க, சத்தமே கேக்கலையே?"

"ரிப்பேர் பண்ணிட்டேன். நானே!"

"நீங்களேவா?"

"ஏன், எனக்குக் கை இல்லையா?"

"இருக்குங்க, இருக்கு. சரி, நடங்க."

அவ்வளவுதான். ஒரு வாரம் ராஜ வாழ்க்கை. நெஞ்சை நிமிர்த்திக்கொண்டு உட்கார்ந்தேன். சனிக்கிழமை என் குதிரை அவருடைய ராஜாவின் கழுத்தருகே போய் நின்றது. வெளிச்சம் போய்விட்டதால் காய்கள் நின்ற கட்டங்களைக் குறித்துக்கொண்டு, ஆட்டத்தைத் திங்கள்கிழமைக்குத் தள்ளிவைத்தோம்; ஞாயிறு அவருக்கு ஒரு கல்யாணம். ரயில் டிரைவர் முதல் முறையாக விசில் அடிக்காமல் வீட்டுக்குப் போனார்.

நான் வீட்டுக்குள் நுழைந்தேன். அவள் கையை நீட்டினாள்.

"என் வாட்ச்ல பேட்டரி போயிடுச்சு. ரெண்டு நாளைக்கு உங்க வாட்சைக் குடுங்க. வார்டுல நாடி பார்க்கணும்."

"வார்டுலதான் சுவர்க் கடிகாரம் இருக்குமே?"

"அதுக்காக நோயாளியைத் தூக்கிச் சுவத்துல மாட்டவா?"

கொடுத்தேன். மறுநாள் காலை சாப்பாட்டு மேசையில் அவள் கையை மெல்லப் பற்றினேன்.

"என்ன திடீர்னு?"

"என் பொண்டாட்டி கையை நான் பிடிக்கக் கூடாதா?"

"இருபத்தாறு வருஷமா பிடிக்காத கையையா?"

"அன்பு எப்ப பொங்கும்னு யாரு சொல்ல முடியும்?"

"அது பொங்கட்டும். குமிழை ஏன் திருகுது?"

கையை எடுத்துக்கொண்டேன்.

திங்கள்கிழமை மாலை நான் பூங்காவுக்குக் கிளம்பும்போது அவள் சீக்கிரமே வந்துவிட்டாள். கடிகாரத்தைக் கழற்றி மேசைமேல் வைத்தாள்.

"ரெண்டு நாள். மூணு மாடி. ஏறி எறங்கி என் கால் கழண்டதுதான் மிச்சம். இது நேத்தே நின்னுபோச்சு."

"பழசாயிடுச்சு போல."

"உங்க கையில மட்டும் ஓடுதே. அதுவும் பெஞ்சுல உக்காந்திருக்கும்போது."

"எந்தப் பெஞ்சு?"

"பார்க்குல இருக்குறதே ஒண்ணுதானேங்க."

பிறகு மேசை இழுப்பறையிலிருந்து என் பழைய மூக்குக்கண்ணாடிக் கூட்டை எடுத்தாள். திறக்கவில்லை. என் காதருகே வைத்துக் குலுக்கினாள்.

கரகர.

அவள் சிரிக்கவில்லை.

"சர்க்கரையால விரல் எடுத்தவங்களுக்குத்தான் தினமும் கட்டு மாத்திட்டு வர்றேன். உங்க கால்ல பத்து விரலும் எனக்கு வேணுங்க."

குனிந்து கால் விரல்களை ஒரு முறை எண்ணிக்கொண்டேன். ஆனால் அதற்காகப் புறமுதுகு காட்டுகிறவன் நான் இல்லை.

"நடக்குறேன். தினமும் ஒரு மணி நேரம் நடக்குறேன். ஆனா என் இஷ்டத்துக்கு நடப்பேன்! ஒரு கடிகாரம் காட்டிக் குடுத்து நான் நடக்க மாட்டேன்!"

"சரிங்க," என்றாள்.

கடிகாரத்தையும் கூட்டையும் அள்ளிக்கொண்டு, பூங்காவைத் திரும்பிக்கூடப் பார்க்காமல், நேராகத் தெருமுனைக் கடைக்கு நடந்தேன். ராஜா ஒரு நாள் காத்திருக்கட்டும். முதலில் மானம்.

"இதை மறுபடி மாட்டுங்க. நல்லா இறுக்கிப் பூட்டுங்க. மூச்சுச் சத்தம்கூட வரக் கூடாது. இது என் கடிகாரம், என் கை!" என்று மேசையை ஒரு தட்டும் தட்டினேன்.

கடைக்காரர் லென்ஸைக் கண்ணில் பொருத்திக்கொண்டார். அரை நிலாவை அதன் இடத்தில் உட்கார வைத்தார். திருகாணிமேல் திருப்புளியை வைத்தவர், அப்படியே நிமிர்ந்து என்னைப் பார்த்தார்.

"வாங்கினப்ப நர்ஸ் அக்கா சொன்ன மாதிரி அரைச் சுத்து லூஸா விடட்டுமா சார், இல்ல இப்ப போன்ல சொன்ன மாதிரி ஒரு முழுச் சுத்தா?"