இரைச்சல் நீக்கிய பதிப்பு

புது இசைத்தட்டை மூன்றாம் தடவை போட்டுக் கேட்டும் எஸ்ரா பிராட்னாக்ஸுக்கு மனைவி கிடைக்கவில்லை.

மிசிசிப்பி டெல்டாவில், இதே முன்னறையில், வாலிப வயதில் அவர் மின்கிட்டாரில் புளூஸ் இசை வாசித்துப் பதிவான ஆல்பம் அது. இரண்டாவது பாட்டின் நடுவே, "அந்தச் சனியனை நிறுத்தித் தொலை" என்று ஒரு பெண்குரல் எங்கிருந்தோ கத்தும். மனைவி லுவீனியா போய்ச் சேர்ந்த பிறகு அவரைத் திட்ட வீட்டில் ஆளில்லை. தனியாகச் சாப்பிடுவது போல ஒரு தண்டனை கிடையாது. தினமும் இசைத்தட்டில் அந்த இடத்தில் முள்ளை வைத்து ஒரு திட்டு வாங்கிக்கொள்வார். அப்புறம்தான் சோளரொட்டி தொண்டையில் இறங்கும்.

வைத்து வைத்து அந்த இடமே தேய்ந்துபோயிற்று. அந்த நேரம் பார்த்து சிகாகோ இசைத்தட்டுக் கம்பெனிக்காரன் மறுபதிப்புப் போடக் கேட்டான். இருந்த ஒரே தட்டைத் தூக்கிக் கொடுத்துவிட்டார்.

இப்போது அவனுக்கே போன் போட்டார்.

"தம்பி, ரெண்டாவது பாட்டுல ஒண்ணு காணோமே."

"நடுவுல ஒரு இரைச்சல் இருந்துச்சு சார். சுத்தமா எடுத்துட்டோம்."

"அது என் பெண்டாட்டிப்பா."

"பழைய தட்டையே அனுப்பிடறேன் சார்."

அனுப்பினான். தபாலில் அது இரண்டாக உடைந்து வந்தது. பசை போட்டு ஒட்டி ஓட்டினார். முள் முறிந்தது.

புதுத் தட்டில் எங்காவது ஒரு மூலையில் அவள் ஒட்டிக்கொண்டிருக்க மாட்டாளா? வேறு முள் மாட்டி, ரெக்கார்டு பிளேயரைக் கிட்டாரின் ஆம்பிளிஃபயரோடு இணைத்து, ஒலிக் குமிழை முழுக்கத் திருகினார். ஜன்னல்கள் அதிர்ந்தன. தெருநாய்கள் ஊளையிட்டன. சுவரிலிருந்த லுவீனியாவின் படம் கீழே விழுந்தது.

"அந்தச் சனியனை நிறுத்தித் தொலை."

எஸ்ரா ஆடிப்போனார். "வந்துட்டியாடி" என்று ஆம்பிளிஃபயரைக் கட்டிக்கொண்டு அழுதார். அப்புறம்தான் கவனித்தார், தட்டு இன்னும் முதல் பாட்டில்தான் ஓடிக்கொண்டிருந்தது.

அணைத்துவிட்டுக் கதவைத் திறந்தார். வேலிக்கு அந்தப் பக்கம், இடுப்பில் கை வைத்துக்கொண்டு பக்கத்து வீட்டு ஹேட்டி நின்றாள். லுவீனியாவை அடக்கம் செய்த நாளுக்கப்புறம் அவளோடு அவர் ஒரு வார்த்தை பேசியதில்லை.

"ஹேட்டி, இப்பக் கத்தினது நீயா? அப்படியே அந்த ரெக்கார்டுல லுவீனியா கத்துற மாதிரியே..."

"லுவீனியாவா? யோவ், நீ ரெக்கார்டு பண்ணின அன்னிக்கு, உன்னைத் திட்டித் திட்டி அவளுக்குத் தொண்டையே கட்டிப்போச்சு, என் சமையக்கட்டுல காதைப் பொத்திக்கிட்டு உட்கார்ந்து, 'எனக்குப் பதிலா நீ கத்துடி'ன்னு அவதான் என்னைக் கத்தச் சொன்னா."