ஒரு வண்டி அகல நிழலும் சங்கம் பிறந்த வரலாறும்

வாழ்க கண்ணாடிக் கடைக்காரர்! மங்கிய விழிகளுக்கு ஒளியூட்டும் வள்ளல். எழுத்தை எட்டிப் பிடிக்க இயலாதோர்க்கு எழுத்தையே அருகழைத்து நிறுத்தும் வல்லோன். உதைத்தால் உறுமி, உறுமினால் புகைந்து, புகைந்தால் புறப்படும் கருநிற மோட்டார் சைக்கிளின் ஒப்பற்ற தலைவன்! அன்னாரின் போரையும் பொறுமையையும், அதனினும் அரிய சமாதானத்தையும் சொல்லப் புகும் இந்த எளிய பேனாவுக்கு, எறும்பின் காலடி ஓசையையும் கேட்கும் இறைவன் துணை நிற்பானாக!

ஞாயிறுதோறும் எங்கள் கடைத்தெருவிலிருந்து நாற்பது வண்டிகள் அணிவகுத்துப் புறப்படுவதைக் கண்டு, இம்மாபெரும் மோட்டார் சைக்கிள் சங்கம் எந்த மாநாட்டில் தோன்றியது, எந்தப் பெருமக்கள் கூடி இதை நிறுவினர் என்று வெளியூரார் கேட்பதுண்டு. பெருமக்களே, அது மாநாட்டில் தோன்றவில்லை. ஒரே ஒரு வண்டி நிற்கக்கூடிய நிழலில், ஒரு சண்டையில் பிறந்தது.

அந்தப் போர்க்களத்தை முதலில் காண்போம். வரிசையாய் நான்கு கடைகள். அவற்றின்மேல் ஒரு மாடி. மாடியிலிருந்து தெருப்பக்கம் நீண்ட ஒரு பால்கனி. அதைத் தாங்கி நிற்கும் இரண்டு தூண்கள். அவ்விரு தூண்களுக்கிடையே, கோடையின் கொடுங்கதிர் எத்திசையிலிருந்து பாய்ந்தாலும் புகமுடியாத, ஈரத்துணிபோல் குளிர்ந்த, ஒரு வண்டி அகலமே கொண்ட நிழல். தையல்கார அக்காவும் மருந்துக்கடை அம்மாவும் தங்கள் ஸ்கூட்டர்களைத் தெருவோரம் விட்டு, வெயிலை விதியென ஏற்றுக்கொண்டவர்கள். ஏற்காதவர் இருவர். ஒருவர் நம் நாயகர். மற்றவர், ஐயகோ, சாவிக்காரர்!

பூட்டுகளின் பகைவர் அவர். வளைந்த கம்பியொன்றால் இரும்புப் பெட்டிகளின் இதயத்தையும் இளக வைப்பவர். ஆனால் எத்தனை பெரிய வீரனுக்கும் உடம்பில் ஓரிடம் பலவீனம் என்பார்களே, சாவிக்காரருக்கு அது அவருடைய வண்டியின் சீட்டு. கிழிந்து, டேப் ஒட்டி, அதுவும் கிழிந்து, அதன்மேலும் டேப் ஒட்டிய சீட்டு அது. வெயிலில் நின்றால் பசை உருகும். உருகிய பசை, உட்கார்ந்தவரை எழவிடாது. எழுந்தால் கூடவே வரும்.

"என்ன சாவிக்காரரே, பாதி சீட்டு உங்ககூடவே வேலைக்கு வருது போல!" என்று தையல்கார அக்கா கடைவாசலிலிருந்தே கூவுவார். தெருவே திரும்பிப் பார்க்கும்.

நம் நாயகரின் தேவையோ இதனினும் பெரிது. அருகிலுள்ள மழலைப் பள்ளியில் ஆசிரியையாகப் பணிபுரியும் அவர் மனைவி, ஏழு மாதக் கர்ப்பிணி, உச்சிவெயிலில் பணி முடித்துக் கடைக்கு நடந்து வருவார். அவரைப் பின்னால் ஏற்றி வீடுவரை மெல்ல ஓட்டிச் செல்லும் அந்தச் சிறு பொழுதுதான் கணவனும் மனைவியும் நிம்மதியாகப் பேசிக்கொள்ளும் நேரம். கடையடைத்து அவர் வீடு சேரும்போது அம்மையார் அசதியில் உறங்கியிருப்பார். ஆகவே அந்த நிழல் வெறும் நிழலன்று. ஒரு குடும்பத்தின் ஒரு நாளைய பேச்சு முழுதும் அதற்குள் அடங்கியிருந்தது.

கோடை பிறந்தது, போர் மூண்டது. விரோதிகள் இருவரும் ஒருவரோடொருவர் பேசுவதை நிறுத்தினர். நாயகர் ஒன்பது மணிக்கு வந்தால் சாவிக்காரர் எட்டுக்கு வந்தார். நாயகர் எட்டுக்கு வந்தால் சாவிக்காரர் காக்கைக்கு முன்னே வந்தார். முந்திய நாள் மாலையே நாயகர் கால் உடைந்த நாற்காலியொன்றை அந்நிழலில் காவல் வைத்தார். காலையில் அது தெருமுனையில் குப்புறக் கிடந்தது. சினம் கொண்ட நாயகர், பகைவரிடம் பேசலாகாது என்ற விரதம் கெடாமல், இடையே நின்ற தையல்கார அக்காவை நோக்கி முழங்கினார்:

"சொல்லி வைங்கக்கா! நாளைக்கு இந்த நிழல்ல வேற வண்டி நின்னுச்சுன்னா, நான் கண்ணாடிக் கடையை மூடிட்டுக் காத்தாடி விக்கப் போறேன்!"

மறுமொழி இடியென வந்தது: "நீங்களும் சொல்லி வைங்கக்கா! ஊர்ப் பூட்டை எல்லாம் நான் திறப்பேன். நான் போடுற பூட்டைத் திறக்க ஒருத்தன் பொறக்கணும்!"

"நான் என்ன தபால்காரியா? ரெண்டு பேரும் தள்ளுங்க, வெளிச்சத்தை மறைக்காம!" என்றார் அக்கா.

சாவிக்காரர் சொன்னதைச் செய்தார். இரு தூண்களுக்கும் குறுக்கே சங்கிலி கட்டி, தம் கையால் செய்த பூட்டொன்றைத் தொங்கவிட்டார். நிழல் சிறைப்பட்டது. நம் நாயகரின் கருங்குதிரை, கொல்லன் உலையிலிட்ட இரும்புபோல் வெயிலில் காய்ந்தது.

அன்று உச்சிப்பொழுதில் ஆசிரியை அம்மையார் வந்தார். சீட்டில் உள்ளங்கை வைத்தார், சுரீரென்று இழுத்துக்கொண்டார். நாயகர் குடிதண்ணீர்ப் பாட்டிலைக் கவிழ்த்தார். தண்ணீர் ஆவியாய்ப் பறந்தது.

"ஏங்க, இனிமே இது சரிப்படாது. நாளையிலிருந்து நான் பஸ்ல போய்க்கிறேன்."

"பஸ்ல நெருக்கித் தள்ளுவாங்களேம்மா."

"சுடாதில்ல."

அவ்வளவுதான் பேச்சு. ஆனால் சாவிக்காரர் தம் கடையிலிருந்து கேட்டுக்கொண்டிருந்தார். தோல்வியுற்ற பகைவரின் முகத்தை அவர் பார்த்தார். வெற்றி பெற்றவர் பார்க்கக்கூடாத ஒன்று அது. கடவுள் மனிதனுக்குள் வைத்த பூட்டுகளில் சில வெளியிலிருந்து திறவா. உள்ளே யாரோ தட்டினால்தான் திறக்கும்.

மறுநாளும் அவர் முந்தி வந்து தம் வண்டியை நிழலில் நிறுத்திச் சங்கிலி பூட்டினார். ஆயினும் கையிலிருந்த அரம் சாவியின்மேல் ஓடவில்லை. வெயில் ஏறிற்று. பள்ளி விடும் நேரம் நெருங்கிற்று. நம் நாயகர் கடையினுள்ளே ஒரு பெரியவரைச் சுவரெழுத்துகளைப் படிக்கச் சொல்லிக்கொண்டிருந்தார். சாவிக்காரர் எழுந்தார்! சங்கிலியை அவிழ்த்தார்! உயிரினும் இனிய தம் வண்டியை, உருகும் சீட்டோடு வெயிலுக்குத் தள்ளினார்! பின்னர் நாயகரின் வண்டியருகே குந்தி, வளைந்த கம்பியால் அதன் ஹேண்டில் பூட்டை ஒரு நொடியில் இளக்கி, அதை உருட்டிவந்து நிழலின் நடுவே நிறுத்தினார். ஒரு வாளி தண்ணீரையும் சீட்டின்மேல் ஊற்றித் துடைத்தார்.

சற்றைக்கெல்லாம் நாயகர் வெளியே வந்தார். வழக்கமான இடம் வெறுமையாய்க் கிடந்தது.

"ஐயோ! என் வண்டியைத் திருடிட்டாங்க!"

அந்த ஓலம் கேட்டுத் தெரு திரண்டது. கத்தரிக்கோல் ஏந்தித் தையல்கார அக்கா வந்தார். மடக்குக்குடை ஓங்கி மருந்துக்கடை அம்மா வந்தார். சோதனைக் கண்ணாடி மூக்கிலேயே இருக்க, எதையும் காணாமல் அந்தப் பெரியவரும் வந்தார். நாயகர் தெருவின் இரு கோடிகளையும் நோக்கினார், வானத்தையும் நோக்கினார், நிழலை மட்டும் நோக்கவில்லை. பகைவர் நாடென்று பழகிவிட்ட இடத்தில் தம் வண்டியைத் தேட அவர் கண் அறியாது.

"ஊருக்கெல்லாம் கண்ணாடி மாட்டுறீங்க, அங்க நிக்கிறது என்னன்னு கொஞ்சம் பாருங்க!" என்றார் அக்கா.

பார்த்தார். திகைத்தார். "பூட்டியிருந்தேனே... யாரு திறந்தது?"

அனைவர் பார்வையும் ஒருசேரத் திரும்பியது. வளைந்த கம்பியைக் கையில் பிடித்தபடி, அங்குசம் கண்ட யானைபோல் தலைகுனிந்து நின்றார் சாவிக்காரர்.

"நான்தான். தங்கச்சிக்கு சுடுதுன்னு நேத்து காதுல விழுந்துச்சு."

"அதுக்குப் பூட்டை உடைப்பீங்களா? கேட்டிருந்தா சாவியைக் குடுத்திருப்பேனே!"

"எப்படிக் கேக்குறது? நாமதான் பேசுறதில்லையே!"

தெரு சிரித்தது. அக்கா கத்தரிக்கோலோடு உட்கார்ந்துவிட்டார். அந்நேரம் ஆசிரியை அம்மையார், பஸ் நிறுத்தத்துக்குப் போகும் வழியில், சிரிப்பொலி கேட்டு எட்டிப் பார்த்தார். நடந்ததை அறிந்து, சீட்டில் உள்ளங்கை வைத்தார். எடுக்கவில்லை.

"குளுகுளுன்னு இருக்குண்ணே," என்று சாவிக்காரரிடம் சொல்லி, ஏறி அமர்ந்தார்.

கைமாறாக என்ன செய்வதென்று இரவெல்லாம் யோசித்த நாயகர், மறுநாள் தம் வண்டியின் இரண்டாம் சாவியைச் சாவிக்காரரின் கையில் வைத்தார்: "இனிமே கம்பி வேண்டாம்." அதைக் கண்ட மருந்துக்கடை அம்மா தம் சாவியையும் கொடுத்தார். தையல்கார அக்கா கொடுத்தார். பக்கத்துத் தெருக்காரர்களும் கொடுத்தார்கள். எவர் வண்டிக்கு எப்போது நிழல் வேண்டுமோ, அப்போது அதை உருட்டி வைப்பது சாவிக்காரரின் பொறுப்பாயிற்று. அவர் கடைச் சுவரில் ஆணி அறைந்து மாட்டிய அந்தச் சாவிகளே சங்கத்தின் முதல் உறுப்பினர்கள். தன் சாவியைப் பிறர் கையில் நம்பிக் கொடுப்பதே இன்றளவும் சேருவதற்கான ஒரே விதி.

ஒரு ஞாயிறன்று, சாவியைத் தொலைத்து வீட்டுக்கு வெளியே தவித்த தொலைவூர்க் குடும்பமொன்று சாவிக்காரரை அழைத்தது. அவர் வண்டியோ கிளம்ப மறுத்தது. நாயகர் அவரைப் பின்னால் ஏற்றிக்கொண்டார். தனியாக எப்படி அனுப்புவது என்று மேலும் நால்வர் கூடவே சென்றனர். கதவு திறந்தது, குழந்தைகள் கைதட்டினர், திரும்பும் வழியில் அடுத்த ஞாயிறு எங்கே போவது என்ற பேச்சு எழுந்தது. அன்றுமுதல் இன்றுவரை அணியில் மிக மெதுவான வண்டியே முன்னே செல்கிறது, எவரும் பின்தங்கலாகாது என்பதால்.

தையல்கார அக்கா சாவிக்காரரின் சீட்டுக்கு இரட்டைத் துணியில் தடித்த வெள்ளை உறையொன்று தைத்துப் போட்டார். பின் நாயகருக்கு, பின் அனைவருக்கும். அவ்வுறையே சங்கத்தின் கொடி. அது போட்ட சீட்டை வெயில் சுடுவதில்லை. ஆயினும் அந்த நிழலுக்கான போர் ஓயவில்லை, தலைகீழாக நடக்கிறது. "நீங்க நிறுத்துங்க" என்பார் ஒருவர். "அட, நீங்க நிறுத்துங்கண்ணே" என்பார் மற்றவர். நாற்பது வீரர்கள், நாற்பது பெருந்தன்மைகள், ஒருவரும் பின்வாங்குவதாயில்லை. நேற்று உச்சிப்பொழுதில், வெள்ளை உறையிட்ட சீட்டில் தம் மனைவியையும் மூன்று மாதக் குழந்தையையும் ஏற்றிக்கொண்டு, கதை பேசியபடி நம் நாயகர் மெல்லப் புறப்பட, கடைத்தெரு முழுதும் கையசைத்து வழியனுப்ப, இரு தூண்களும் காவல் நிற்க, எவரெவரோ எத்தனையோ நாள் பொருதிய அந்தப் புகழ்பெற்ற குளிர் நிழலில்...

ஒரு நாய் படுத்துத் தூங்கிக்கொண்டிருந்தது.