என் சாவுக்கு நீ வந்துபோனது பற்றி

ஜேடர்பாளையம்,
ஞாயிற்றுக்கிழமை.

அன்புள்ள தம்பி அன்பழகனுக்கு அண்ணன் கண்ணுசாமி ஆசியுடன் எழுதுவது.

இங்கு நான் நலம். கடிதம் என்றால் எல்லோரும் முதலில் எழுதுகிற வரிதானே என்று தாண்டிப் போய்விடாதே, இந்தத் தடவை நின்று படி. நான் நலம். மூச்சு வருகிறது, சோறு இறங்குகிறது, காலையில் எழுந்தால் முட்டி வலிக்கிறது. உன் அண்ணி மயிலம்மாளும் நலம். அரை நாள் தாலியறுத்தவளாக இருந்த அலுப்பு மட்டும் இன்னும் தீரவில்லை என்கிறாள். அங்கு நீயும் சாலம்மாளும் பிள்ளைகளும் நலமா? உன் மோட்டார் காயில் கட்டுகிற கடை எப்படி ஓடுகிறது? மீசை எந்த அளவில் இருக்கிறது?

போனில் சொல்லலாம் என்றால் ஒன்பது வருஷமாக என் நம்பரை நீ பிளாக் செய்து வைத்திருக்கிறாய். சாலம்மாளிடம் சொல்லலாம் என்றால் எடுத்தவுடன் அழுகிறாள், இல்லையென்றால் சிரிக்கிறாள். இரண்டுக்கும் நடுவில் செய்தி சொல்ல இடம் கிடைக்கவில்லை. அவள் ஒன்றை மட்டும் தெளிவாகச் சொன்னாள். நீ முறைக்காகத்தான் வந்தாயாம், பாசத்துக்காக வரவில்லையாம், அதை என்னிடம் சொல்லிவிடச் சொன்னாயாம். சரி, முறைக்கே வந்ததாக இருக்கட்டும். எப்படிப்பட்ட சாவுக்கு வந்தாய் என்பதாவது உனக்குத் தெரிய வேண்டாமா? ஊரில் ஆளுக்கு ஒரு கதை சொல்கிறார்கள். உன்னை வரவழைக்க நான் வேண்டுமென்றே செத்ததாகச் சொல்கிறவர்களும் இருக்கிறார்கள். எனக்குப் பேசிப் பேசி வாய் வலிக்கிறது, அதனால் கையால் எழுதுகிறேன்.

ஆற்றுக்கு நடுவில் நம் எருமை நீந்திப்போய் ஏறிக்கொண்டு வர மாட்டேன் என்று நிற்குமே, அந்தத் திட்டு உனக்கு ஞாபகம் இருக்கும். நமக்கு அது திட்டு. கோயமுத்தூரிலிருந்து வந்த பிரபா என்கிற பெண்ணுக்கு அது தீவு. அதில் "தீவு இசை விழா" நடத்தப்போகிறேன் என்று வந்து, நம் வீட்டு மாடியில் பத்து நாள் வாடகைக்கு இருந்தாள். நல்ல பெண், ஆனால் தூங்கவே மாட்டாள், மற்றவர்களையும் தூங்க விடமாட்டாள். எங்கிருந்தெல்லாமோ கித்தார் வாசிக்கிறவர்கள் வருகிறார்கள், இந்த மண்ணின் மேளமும் வேண்டும் அங்கிள், யாரைக் கூப்பிடலாம் என்று கேட்டாள். நான் சும்மா இருந்திருக்கலாம். புதுச்சத்திரம் குழந்தைவேல் குழுவைச் சொன்னேன். குழந்தைவேல் லேசில் கிடைக்கிற ஆள் இல்லை. கோயில் நோம்பி, கட்சிக் கூட்டம், கடை திறப்பு என்று எந்நேரமும் வண்டியிலேயே இருக்கிறவர். ஏதோ அந்த ஒரு நாள் ஒழிவாக இருந்தது, என் கெட்ட நேரம்.

விழாவுக்கு என்னையும் அழைத்திருந்தாள். தீவில் முள் இருக்கும், ஷூ போட்டு வாருங்கள் என்றாள். நானும் செருப்பை வாசலில் விட்டுவிட்டு, வேட்டிக்குக் கீழே மருமகன் வாங்கிக் கொடுத்த ஷூவை மாட்டிக்கொண்டு பரிசல் ஏறினேன். ஏறும்போது பக்கத்து வீட்டுப் பூவாத்தாள் துறையில் துணி துவைத்துக்கொண்டிருந்தாள். போன மாதம்தான் நெஞ்சில் ஸ்டென்ட் வைத்திருக்கிறது, இந்த வெயிலில் தேவையா என்று கேட்டாள். இதை மனதில் வைத்துக்கொள், பின்னால் வரும். மயிலம்மாள் காலையிலேயே அவள் அக்கா வீட்டுக் காதுகுத்துக்கு ராசிபுரம் போய்விட்டாள். திட்டில் இறங்கியதும் என் கையில் ஒரு காகிதப் பட்டை கட்டினார்கள், கன்னத்தில் பச்சை நிறத்தில் ஓர் இலை வரைந்தார்கள். போனை அமைதியாக வைக்கவும் என்று மைக்கில் சொன்னார்கள். எனக்கு அணைக்கத்தான் தெரியும், அணைத்தேன்.

குழந்தைவேல் முதலில் நோம்பிக்கு அடிக்கிற அடியை அடித்தார். நன்றாகத்தான் இருந்தது. ஆனால் வந்திருந்த பிள்ளைகள் புல்லில் உட்கார்ந்து தலையை மட்டும் ஆட்டிக்கொண்டிருந்தார்கள். பிரபாவுக்கு அது போதவில்லை. குழந்தைவேல் எங்கோ ஒரு சாவு ஊர்வலத்தில் அடித்த வீடியோவைப் போனில் பார்த்திருக்கிறாள் போல, அதை அடிக்கச் சொன்னாள். அவர் நன்றாகவே எடுத்துச் சொன்னார்.

"அம்மிணி, அது எழவுக்கு மட்டும் அடிக்கறதுங்க. காதுல உழுந்தா சனங்க கெளம்பி வந்துருவாங்க."

சுற்றிலும் தண்ணீர், இது தீவு, யாருக்குக் கேட்கப்போகிறது என்றாள் பிரபா. நானும் "அடிங்க, பாத்துக்கலாம்" என்று சொன்னதாகக் குழந்தைவேல் இப்போது சொல்லித் திரிகிறார். அதை நம்பாதே. தலையை மட்டும்தான் ஆட்டினேன்.

அடித்தார்கள் பார், தம்பி. முன்னால் நின்று பறையடித்தது குழந்தைவேலின் மகள் ரஞ்சிதா. புல்லில் உட்கார்ந்திருந்தவர்கள் ஒருவர் பாக்கி இல்லாமல் எழுந்துவிட்டார்கள். உண்மையான சாவு வீட்டில்கூட அப்படி ஆடி நான் பார்த்ததில்லை. முடித்ததும் மறுபடி என்று கத்தினார்கள், மறுபடி அடித்தார்கள், மறுபடியும் கேட்டார்கள். தண்ணீர்மேல் சத்தம் எப்படிப் போகும் என்று ஆற்றங்கரையில் பிறந்த உனக்குச் சொல்லித்தர வேண்டியதில்லை. அக்கரையில் பேசுகிற பேச்சே நமக்குக் கேட்கும், இது மேளம்.

இங்கே ஊருக்குள் எல்லோருக்கும் விழா நடப்பது தெரியும். காலையிலிருந்து கித்தார் சத்தம் கேட்டுக்கொண்டிருந்தது. திடீரென்று அது நின்று சாவு மேளம் கேட்கிறது. விழாவில் யாராவது சாவு மேளம் அடிப்பார்களா? ஆக, விழா பாதியில் நின்றுவிட்டது, அங்கே ஒரு உயிர் போய்விட்டது. யார்? பூவாத்தாள்தான் என்னைப் பரிசலில் பார்த்தவள் ஆயிற்றே. என் போனுக்கு அடித்துப் பார்த்தார்கள், அணைந்திருந்தது. வீட்டு வாசலில் வந்து பார்த்தார்கள், செருப்பு கிடந்தது, ஆள் இல்லை. திட்டுக்குப் போய்ப் பார்க்கலாம் என்றால் தடுப்பணையில் தண்ணீர் திறந்திருந்ததால் பரிசலை நிறுத்திவிட்டார்கள். பூவாத்தாள் மகன் காளிதாஸ் பொறுப்பான பையன். ஒரு மணி நேரத்தில் சாமியானா வந்துவிட்டது, நாற்காலி வந்துவிட்டது, ப்ரீசர் பெட்டி வந்துவிட்டது. கண்ணீர் அஞ்சலி பிளெக்ஸ்கூட அடித்துவிட்டான். என் மகள் அறிவுச்செல்வி கல்யாணத்தில் நான் சிரித்துக்கொண்டு நிற்கிற படம். தோற்றம் என்று போட்டிருந்த தேதியும் தவறு, மறைவு என்று போட்டிருந்த தேதியும் தவறு.

இதெல்லாம் தெரியாமல் நான் திட்டில் குழந்தைவேல் பக்கத்தில் உட்கார்ந்து பாக்குமட்டைத் தட்டில் வரகு சாதம் சாப்பிட்டுக்கொண்டிருந்தேன். அவருக்கு ஒரு போன் வந்தது. ஜேடர்பாளையங்களா, செரிங்க, அந்தியில எடுக்கறாங்களா, பக்கத்துலதான் இருக்கறோம், வந்தர்றோம்ங்க என்று பேசிவிட்டு வைத்தார். நம் ஊராயிற்றே, யார் போய்விட்டார்கள் என்று கேட்டேன்.

"பேரு கேக்கலீங்க. ஆரோ பெரியவருங்களாம். நல்ல மனுசன்னு சொன்னாங்க."

நல்ல மனுஷன் என்றதும் எனக்கு ஆள் பிடிபடவில்லை. படுக்கையில் கிடக்கிறவர்களை எல்லாம் வரிசையாக நினைத்துப் பார்த்தேன். என்னைவிட ஒருவர் முந்திக்கொண்டாரே என்று, சொல்லக் கூடாது, கொஞ்சம் தெம்பாகக்கூட இருந்தது. எழவுக்குப் போகத் தோளில் துண்டு இல்லையே என்று குழந்தைவேலிடமே ஒன்று வாங்கிப் போட்டுக்கொண்டேன். பொழுது சாயத் தண்ணீர் குறைந்ததும் மேளக்காரர்களோடு ஒரே பரிசலில் ஏறினேன். கரை நெருங்கியதும், சாவு வீட்டுக்கு வருகிறோம் என்று தெரியவேண்டும் அல்லவா, அவர்கள் அடிக்க ஆரம்பித்தார்கள். நான் நடுவில் முகத்தைத் துக்கமாக வைத்துக்கொண்டு, கன்னத்தில் பச்சை இலையோடு நின்றேன். கரையில் இருந்த கூட்டம் மேளம் கேட்டு ஒப்பாரியை ஏற்றியது. பிறகு என்னைப் பார்த்தது. ஏறின ஒப்பாரி அப்படியே இறங்கிவிட்டது. குழந்தைவேல் மட்டும் இறங்கிப்போய் யாருங்க போனது என்று காளிதாஸிடம் கேட்டார். அவன் என்னைக் கையால் காட்டினான்.

அதற்கப்புறம் நான் பட்ட பாடு செத்தவன்கூடப் பட்டிருக்க மாட்டான். பூவாத்தாள் மயங்கி நாற்காலியில் விழுந்தாள். ப்ரீசர் பெட்டிக்காரர் பெட்டியைப் பயன்படுத்தவில்லை என்று என்னிடமே கையெழுத்துக் கேட்டார். நம் பெரியம்மாவின் பேரன், பெரியப்பா செத்துப்போனார் என்று சொல்லி ஆபீசில் லீவு வாங்கிக்கொண்டு வந்திருக்கிறான். நான் நிஜமாகச் சாகும்போது அவனுக்கு லீவு கிடைக்காதாம், அதை என்னிடம் வருத்தத்தோடு சொன்னான். ராசிபுரத்திலிருந்து பஸ்ஸில் அழுதுகொண்டே வந்த மயிலம்மாள் என்னை ஏற இறங்கப் பார்த்துவிட்டு, "போன எதுக்குங்க அமத்தி வெச்சீங்க?" என்று மட்டும் கேட்டாள். அதை இன்றுவரை கேட்டுக்கொண்டிருக்கிறாள்.

இனி உன் விஷயம். அறிவுச்செல்வி கல்யாணத்துக்கு உன்னை நேரில் வந்து, தட்டத்தில் வெற்றிலை பாக்கு வைத்து அழைக்கவில்லை, பத்திரிகையைப் படம் பிடித்துப் போனில் அனுப்பினேன் என்பதுதானே உன் கோபம். காலில் மாவுக்கட்டோடு எப்படி வருவேன் என்று நீ யோசிக்கவில்லை. சித்தப்பன் இல்லாமல் கல்யாணம் நடந்தது. உனக்கு எல்லாவற்றுக்கும் அழைப்பு வேண்டும். சாவுக்கு ஒன்றுக்குத்தான் யாரும் யாரையும் அழைப்பதில்லை. நீயும் அழைப்பை எதிர்பார்க்காமல் சட்டைப் பொத்தான்கூடச் சரியாகப் போடாமல் தம்மம்பட்டியிலிருந்து பைக்கிலேயே வந்ததாகப் பூவாத்தாள் சொன்னாள். எனக்குப் பையன் இல்லை, கொள்ளி வைக்க வேண்டியவன் நீதான். சவரக்காரர் வேறு ஒரு எழவு வீட்டுக்குப் போகவேண்டும், திட்டிலிருந்து பிணம் வருவதற்குள் உனக்கு மீசையை எடுத்துவிடலாம் என்றிருக்கிறார். நீ நம் வாசல் வேப்பமரத்தடியில் உட்கார்ந்துவிட்டாய். பூவாத்தாள் தண்ணீர் கொண்டுவந்து வைத்தபோது நீ அவரிடம் சொன்னதைக் கேட்டிருக்கிறாள்.

"எங்கண்ணங்கிட்ட மொறைச்சுக் காட்டறதுக்குன்னே வெச்சிருந்த மீசைங்க இது. இனி எதுக்கு. எடுத்துருங்க."

நான் பரிசலிலிருந்து இறங்கி வாசலுக்கு வரும்போது நீ பாதி மீசையோடு எழுந்து நின்றாய். என்னைப் பார்த்தாய். உன் முகத்தில் வந்தது அழுகையா சிரிப்பா என்று எனக்குத் தெரியவில்லை, சோப்பு நுரை இருந்தது. துண்டால் முகத்தை மூடிக்கொண்டு, வாசலில் கிடந்த என் செருப்பை மாட்டிக்கொண்டு பைக்கை எடுத்துவிட்டாய். உன் செருப்பு இங்கே கிடக்கிறது.

ஆகவே நான் சொல்லிக்கொள்வது, நீ முறைக்குத்தான் வந்தாய் என்றால் அந்த முறை முடிந்தது. நீ மறுபடி இங்கே வரவேண்டும் என்று நான் கேட்கவில்லை. உன் வீட்டுப் படியை நானும் மிதிக்கப்போவதில்லை. ஒன்பது வருஷம் மிதிக்காதவன் இனி மிதித்து என்ன ஆகப்போகிறது. எனக்கு உடம்பில் தெம்பும் இல்லை. என் செருப்பை மட்டும் நாமக்கல் பஸ்ஸில் பார்சலாகப் போட்டுவிடு. இனிமேல் ஆற்றுப் பக்கத்தில் எந்த மேளம் கேட்டாலும் நான் உயிரோடு இருப்பதாகவே வைத்துக்கொள்.

சாலம்மாளுக்கும் பிள்ளைகளுக்கும் என் ஆசி. எல்லோரும் நீண்ட நாள் இருங்கள். இடையில் யாராவது செத்ததாகச் சொன்னால் போன் செய்து உறுதிப்படுத்திக்கொள்ளுங்கள்.

இப்படிக்கு,
உயிருடன்,
உன் அண்ணன் கண்ணுசாமி.

பின்குறிப்பு (திங்கள் காலை): உறையில் போடுவதற்கு முன் மயிலம்மாள் இதை வாங்கிப் படித்தாள். "மறுபடியும் காயிதத்துலயே கூப்புடறீங்களா?" என்று கேட்டாள். கூப்பிடவே இல்லையே என்றேன். "அதத்தானுங்க நானுஞ் சொல்றேன்" என்றாள். அதனால் இதைத் தபாலில் சேர்க்கவில்லை. நாமக்கல்லிலும் ராசிபுரத்திலும் பஸ் மாறி நானே கொண்டுவந்து உன் கையில் கொடுத்துவிட்டு, நீ படித்து முடிக்கும்வரை கடை பெஞ்சில் உட்கார்ந்திருக்கிறேன். மடியில் தட்டம் இருக்கிறது. வெற்றிலை வாடியிருந்தால் பஸ்ஸைக் கோபித்துக்கொள். விசேஷம் ஒன்றும் இல்லை, வருகிற ஞாயிறு ஆற்று மீன் எடுத்துக் குழம்பு வைக்கிறாள் உன் அண்ணி, அதற்குக் குடும்பத்தோடு அழைக்க வந்தேன். உன் செருப்பைப் போட்டுக்கொண்டுதான் வந்தேன், இடது கால் கடிக்கிறது. மிச்ச மீசையையும் எடுத்துவிட்டதாகச் சாலம்மாள் சொன்னாள். படித்து முடித்துவிட்டாய் என்றால் தலையைத் தூக்கு. முறைக்க வேண்டும் என்றால் முறை. மீசை இல்லாமல் வருகிறதா, பார்ப்போம்.